முந்திப் பூக்கும் மாவும் மாசிப் பனியும்

வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்வதற்கும், தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக் கடைசியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவருவதற்கும் இடைப்பட்ட ஐந்து மாதங்களே தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் பூக்காலம். தை பிறந்ததும் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரம் நுனிகள்தோறும் பூங்கொத்து விடுகிறது. முருங்கை வெண்ணிறப் பூக்களைச் சொரிகிறது. கார்த்திகையில் கவாத்து செய்யப்பட்ட மல்லிகைப் புதர் புதுக்கிளை விடத் தொடங்குகிறது. அவற்றைத் தொடர்ந்து பங்குனியில் வேம்பும் புங்கமும் பூக்க, சித்திரையில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. பல தாவரங்கள் வெயிலும் வறட்சியும் முற்றுவதற்குள் பூத்து, சாரல் தொடங்குவதற்குள் விதையை முதிரச் செய்துவிட முயலும் காலம் இது.

ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் போன்ற குளிர்நாடுகளில் வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கும் மரங்களுக்கு உறைபனி பெரும் பகை. சில நாள் இளவெயிலை நம்பி மலர்ந்த பூக்கள், மறுபடியும் திரும்பிவரும் ஒரே இரவுக் குளிரில் கருகிவிடுவதுண்டு; 2021 ஏப்ரலில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் அவ்வாறே பேரிழப்பு நேர்ந்தது. தென்காசியில் உறைபனி இறங்குவதில்லை. ஆயினும் தையில் பூத்துக் குலுங்கிய மாமரம் மாசி முடிவதற்குள் கொத்துகள் கருகி, பிஞ்சே பிடிக்காமல் நிற்பது இங்குள்ள வீடுகளில் வழக்கமாகக் கேட்கப்படும் குறை. உறைபனியே இல்லாத ஊரில் முந்திப் பூத்த பூவை அழிப்பது எது என்னும் கேள்விக்கு விடை, பனித்துளியாகவும் மூடுபனியாகவும் காலம் தப்பிய மழையாகவும் வரும் நீரில் இருக்கிறது.

உறைபனி ஏன் இங்கே இறங்குவதில்லை

பனித்துளியும் உறைபனியும் ஒரே நிகழ்வின் இரு நிலைகள். பகலில் வெயிலால் சூடேறிய தரையும் இலைகளும் இரவில் தம் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி உமிழ்ந்துகொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அது போர்வையைப் போல அந்த வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவுகளில் இழப்பை ஈடுசெய்ய வழியில்லாததால், இலையின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ச்சி, காற்றிலுள்ள நீராவி திரவமாக மாறும் வெப்பநிலையான பனிநிலையைத் தொட்டால் இலைமேல் நீர்த்துளிகள் படிகின்றன. மேற்பரப்பின் வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே இறங்கினால் நீராவி பனிப்படிகமாகப் படிகிறது. பனித்துளி வானத்திலிருந்து விழுவதில்லை, குளிர்ந்த பொருளின் மேல் உருவாகிறது என்பதை லண்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் இரவுகள்தோறும் கம்பளிக் கற்றைகளை வைத்து நிறுத்துப் பார்த்து உறுதிசெய்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர்; அவருடைய நூல் 1814இல் வெளிவந்தது.

கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் கார்த்திகை முதல் மாசி வரை புல்வெளிகள் வெண்மையாக உறைவதற்கும் தேயிலைக் கொழுந்து கருகுவதற்கும் இந்த உயரமே காரணம். தென்காசியும் குற்றாலமும் 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருப்பதால், தை மாத இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உறைவதற்கு வேண்டிய குளிர் இங்கே இல்லை. பனித்துளி படிவதற்கு வேண்டிய குளிரோ தாராளமாக இருக்கிறது.

மலையடிவாரம் என்பது இந்தப் பனியை மேலும் கூட்டுகிறது. திரிகூடமலை குற்றாலத்துக்கு மேற்கே நிற்பதால் மாலை வெயில் முன்கூட்டியே மறைந்து, தரையும் மரமும் சமவெளியிலுள்ள ஊர்களைவிடச் சற்று முன்னதாகவே குளிரத் தொடங்குகின்றன. இரவில் மலைச்சரிவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. பருவமழை நனைத்துச் சென்ற காடும், சிற்றாறும், அதன் நீரால் நிறைந்த குளங்களும் வயல்களும் காற்றில் ஈரத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஈரக்காற்றும் தெளிந்த வானமும் காற்றோட்டமற்ற இரவும் ஒன்றுசேரும் தை, மாசி மாதங்களில் விடியற்காலை இலைகள் நனைந்து சொட்டுவதற்கு இவையே காரணம்.

இந்திய வேளாண் வானிலையியலின் முன்னோடியான எல். ஏ. ராமதாஸ், 1932இல் இது தொடர்பாக வியப்பூட்டும் ஓர் உண்மையை வெளியிட்டார். அமைதியான தெளிந்த இரவுகளில் வெற்றுத் தரையின் மேலுள்ள காற்றை அளந்தபோது, மிகக் குளிர்ந்த அடுக்கு தரையை ஒட்டி இல்லாமல், தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருப்பதை அவர் கண்டார். அதுவரை ஏற்கப்பட்டிருந்த கருத்துக்கு மாறாக இருந்ததால் தொடக்கத்தில் ஐயத்துடன் பார்க்கப்பட்ட இம்முடிவு, பின்னர் பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்டு, அந்த அடுக்கு அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. கூட்டிப் பெருக்கிய மண்முற்றத்தில் நிற்கும் கேந்தி, கனகாம்பரம் முதலிய சிறு செடிகளின் பூக்கள் பெரும்பாலும் இந்த உயரத்திலேயே இருக்கின்றன என்பது நினைவில் வைக்கத்தக்கது.

பூப்பதற்கான முடிவு

ஒரு மாமரம் தையில் பூப்பதற்கான முடிவு தையில் எடுக்கப்படுவதில்லை. கிளை நுனியிலுள்ள மொட்டு இலைக்கொழுந்தாக விரிவதா, பூங்கொத்தாக விரிவதா என்பது பல வாரங்களுக்கு முன்பே, இலைகளிலிருந்து வரும் செய்தியால் தீர்மானிக்கப்படுகிறது. இலைகளில் உருவாகி நுனிக்குப் பயணம் செய்யும் ஒரு பொருளே பூப்பைத் தூண்டுகிறது என்று 1930களில் சோவியத் தாவரவியலாளர் மிகயில் சைலாக்கியன் கருதினார். அப்பொருள் ஒரு சிறு புரதம் என்பது 2007இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. இதற்கு எதிராக வேலை செய்பவை ஜிப்ரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கிகள். இவை மிகுந்திருக்கும்போது மாமரம் பூவைத் தள்ளிவைத்துத் தளிர் விடுகிறது.

வட இந்தியாவில் இரவுக் குளிர் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதால் குளிரே மாமரத்துக்கு முதன்மையான அடையாளமாகிறது. தென்காசியில் அவ்வளவு குளிர் கிடைக்காதபோது, கடைசியாக விட்ட தளிர் முதிர்ந்து நான்கைந்து மாதங்கள் ஆகியிருப்பதும், வேருக்கு எட்டும் ஈரம் குறைவதும், ஓரளவு இரவுக் குளிர்ச்சியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. முதிர்ந்த கிளைகள் ஒரு தூண்டுதலுக்காகக் காத்து நிற்பவை என்பதை 1970களில் பிலிப்பைன்ஸ் நாட்டின் ரமோன் பார்பா மெய்ப்பித்தார். பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தே காலம் தவறிய மாதங்களிலும் மாமரத்தைப் பூக்கவைக்க முடியும் என்னும் அவருடைய கண்டுபிடிப்பு, அந்நாட்டு மாம்பழ வணிகத்தையே மாற்றியது.

மழை இந்த ஏற்பாட்டைக் குலைக்கிறது. மார்கழியில் ஓயவேண்டிய மழை நீளும்போது வேர்ப்பகுதி ஈரமாகவே இருந்து, பூங்கொத்து வரவேண்டிய நுனிகளில் செந்தளிர்கள் எழுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நிகழ்வு தென்காசி உள்ளிட்ட தென்மாவட்டங்களையும் நனைத்தது. 2021 ஜனவரியில் பொங்கல் நாட்களிலேயே தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. இத்தகைய பின்மழை இரு வகையில் கெடுக்கிறது: பூக்காத மரத்தில் பூப்பைத் தள்ளிப்போடுகிறது; பூத்த மரத்திலோ மகரந்தத்தைக் கழுவி, பூச்சிகளையும் பறக்கவிடாமல் செய்கிறது.

ஒரு மாம்பூவின் காலைப்பொழுது

தூரத்திலிருந்து பழுப்பும் வெளிர்மஞ்சளுமாகத் தெரியும் ஒரு மாம்பூங்கொத்தில், வகையைப் பொறுத்து, பெரும்பாலும் ஆயிரம் முதல் ஆறாயிரம் பூக்கள் வரை இருக்கின்றன. ஒவ்வொரு பூவும் அரை சென்டிமீட்டர் அளவே உடையது; ஐந்து வெளிர்நிற இதழ்களில் மஞ்சள் வரிகள் ஓடுகின்றன, பூ மூப்படையும்போது அவை இளஞ்சிவப்பாகின்றன. நடுவில் தேன் சுரக்கும் தட்டு ஒன்றும், அதன் ஓரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வளமான மகரந்தத் தாளும் உள்ளன. கொத்திலுள்ள எல்லாப் பூக்களுக்கும் சூல்பை இருப்பதில்லை; பல பூக்கள் ஆண்தன்மை மட்டும் உடையவை, எஞ்சியவையே இருபால் பூக்கள். அவற்றிலும் மிகச் சிலவே கடைசிவரை நின்று பழமாகின்றன என்பதால், ஒரு கொத்துக்கு ஓரிரு காய் தங்கினாலே அது நல்ல விளைச்சல் எனப்படுகிறது.

இப்பூக்கள் பெரும்பாலும் இரவின் பிற்பகுதியிலும் விடியலிலும் விரிகின்றன. சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனி, பூ விரிந்தவுடனேயே தயாராகி, முதல் சில மணி நேரத்திலேயே மிகுந்த ஏற்புத்திறனோடு இருக்கிறது. மகரந்தப் பையோ வெயில் பட்டு உலர்ந்த பின்பே வெடித்து, இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவாக மாறி மகரந்தத்தை வெளியிடுகிறது. தெளிந்த காலையில் வெயில் ஏறியதும் நிகழும் இந்த வெடிப்பு, மூடுபனி கவிந்து ஈரம் உலராத காலையில் நண்பகலை நோக்கித் தள்ளிப்போகிறது. அந்நேரத்துக்குள் சூல்முடியின் சிறந்த பொழுது கழிந்துவிடுகிறது. காய்ப்பைத் தீர்மானிப்பது பூக்களின் எண்ணிக்கையைவிட இந்தச் சில மணி நேர ஒத்திசைவுதான் என்பதால், கொத்துக் கொத்தாகப் பூத்தும் பனி மிகுந்த ஆண்டில் பிஞ்சு குறைவாக நிற்பதில் வியப்பில்லை.

மகரந்தத்தைக் கொண்டுசெல்பவை ஈக்களும் தேனீக்களும் கொசுத்தேனீக்களுமாகும். நெருங்கிப் பார்த்தால், பனி உலர்ந்த கொத்தில் பலவகை ஈக்கள் மொய்ப்பதையும், பனியில் நனைந்த கொத்தில் அவை ஒன்றுகூட இல்லாததையும் எளிதாகக் காணலாம். குளிர்ந்த காலையில் சிறு பூச்சிகளின் தசைகள் பறப்பதற்குப் போதிய வெப்பம் பெறுவதில்லை. நனைந்த பூவில் மகரந்தமும் ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது.

ஈரம் வளர்க்கும் பகைகள்

பனியால் பூ கருகியது என்று ஊரில் சொல்லப்படும் நிலைமையில் பெரும்பகுதி பனியின் நேரடி வேலையன்று. பனி உருவாக்கிக் கொடுத்த சூழலில் பெருகும் உயிர்களின் வேலை. அவற்றுள் முதலாவது சாம்பல் நோய். வெண்மையான மாவு தூவியதுபோல் பூங்கொத்தில் படரும் இந்தப் பூசணம், குளிர்ந்த இரவையும் ஈரக்காற்றையும் விரும்புகிறது. ஆனால் அதன் வித்துகள் முளைப்பதற்கு மழைநீர் தேவையில்லை என்பதால், மழையற்ற தை, மாசிக் காலமே அதற்கு ஏற்றதாக அமைகிறது. இரண்டாவது ஆந்த்ரக்னோஸ் என்னும் கருகல் நோய். இதன் வித்துகள் முளைக்க இலையிலும் பூவிலும் நீர் தங்கியிருக்க வேண்டும். ஆகவே காலம் தப்பிய மழை பெய்தாலோ கொத்துகள் நெடுநேரம் நனைந்திருந்தாலோ கரும்புள்ளிகள் தோன்றிக் காம்போடு கருகுகின்றன. மழை இல்லாவிட்டால் ஒன்று, மழை வந்தால் மற்றொன்று என இரு பூசணங்களும் பூவின் இரு பக்கமும் காத்திருக்கின்றன.

மூன்றாவது பகை தத்துப்பூச்சி. ஆப்பு வடிவிலான இச்சிறு பூச்சிகள் இளங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, மிகுந்த சர்க்கரையைப் பிசுபிசுப்பான கழிவாக வெளியேற்றுகின்றன. அந்த இனிப்பின்மேல் கரும்பூசணம் படிந்து இலைகள் புகைபடிந்தவைபோல் கறுத்துவிடுகின்றன. நெருக்கமாகக் கிளைத்து, உள்ளே வெயிலும் காற்றும் புகாத மரங்களில் இவை மிகுதியாகத் தங்குகின்றன.

குளிர்நாட்டுத் தோட்டத்தோடு ஒப்பிடும்போது இங்கே நீரின் பங்கு தலைகீழாக இருப்பது கருதத்தக்கது. உறைபனி வரும் இரவில் அங்குள்ள உழவர்கள் ஆப்பிள் பூக்களின் மேல் விடியும்வரை தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் வெளிப்படுவதால், மேலே பனிக்கட்டி மூடினாலும் உள்ளிருக்கும் பூ சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையிலேயே காக்கப்படுகிறது. அங்கே பூவைக் காக்கும் அதே நீர், வெப்பநாட்டு மாம்பூவின்மேல் தங்கினால் அதற்குத் தீங்காகிறது. குற்றாலத்துத் தோட்டக்காரர் பூவை வெதுவெதுப்பாக வைக்க முயலவேண்டியதில்லை. உலர்வாக வைத்தாலே போதும்.

மல்லிகை, வேம்பு, பலா

எல்லாப் பூக்களும் மாவைப்போல் அவசரப்படுவதில்லை. குண்டுமல்லியின் மொட்டுகள் புதுக்கிளையின் நுனியிலேயே தோன்றுவதால், நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்வது வழக்கம். பிச்சிக்கு டிசம்பர் கடைசியும் முல்லைக்கு ஜனவரி கடைசியும் உரிய காலமாகும். கவாத்துக்குப் பின் எழும் கிளைகள் குளிர் தணிந்த மாசி, பங்குனியில் மொட்டெடுத்து, வெயில் ஏற ஏற மிகுதியாகப் பூக்கின்றன. தைப் பொங்கலை ஒட்டி சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லியின் விலை உச்சத்துக்குப் போவதற்கு, திருவிழாத் தேவையோடு பனிக்காலத்தில் மொட்டுப் பிடிப்பு குறைவதும் காரணம்.

வேம்பு இன்னும் பொறுமையானது. பங்குனியில் புதுத் தளிரோடு பூத்து, காலையில் மரத்தடியில் விரித்த துணியில் சிறு வெள்ளைப் பூக்களைக் கொட்டுகிறது. அவற்றை நிழலில் உலர்த்தி வைத்துச் சித்திரை முதல் நாளில் பச்சடி செய்வது தமிழக வீடுகளின் வழக்கம். குற்றாலநாதர் கோயிலின் தலமரமான குறும்பலாவின் இனமோ வேறொரு வழியைக் கையாள்கிறது. பலாவின் பூத்திரள்கள் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் இலைக்கூரையின் கீழ் தோன்றுவதால், திறந்த வானத்தை நோக்கிய நுனிக்கொத்துகளைப் போல அவை வெப்பத்தை இழப்பதில்லை. பனியும் அவற்றில் குறைவாகவே படிகிறது.

வீட்டுத் தோட்டத்தில் செய்யத்தக்கவை

இந்த அறிவியலிலிருந்து பெறப்படும் நடைமுறைகள் எளியவை. பருவமழை ஓய்ந்தது முதல் பூங்கொத்து வெளிவரும்வரை மாமரத்துக்கு நீர் பாய்ச்சாமல் விடுவது பூப்பைத் தூண்டுகிறது. பிஞ்சுகள் பட்டாணி அளவை எட்டிய பின் நீர் கொடுத்தால் உதிர்வு குறைகிறது. பழம் பறித்த பின்பு உட்கிளைகளையும் காய்ந்த குச்சிகளையும் நீக்கி, காலை வெயில் மரத்தின் நடுப்பகுதிவரை எட்டச் செய்தால் அடுத்த தையில் பனி விரைவாக உலரும். தத்துப்பூச்சிக்கு ஒதுங்குமிடமும் இராது. சாம்பல் நோய் தென்படத் தொடங்கும்போது, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிப்பது பரிந்துரைக்கப்படுகிறது. பூ முழுவதும் மலர்ந்திருக்கும் நாட்களில் பூச்சிக்கொல்லியைத் தவிர்ப்பது இன்றியமையாதது. தத்துப்பூச்சியோடு ஈக்களும் தேனீக்களும் மடிந்தால், நோயற்ற பூவும் காய்க்காமல் உதிரும். பூச்செடிகளுக்கு மாலையில் தலையோடு நீர் தெளிப்பதை விட்டு, காலையில் வேரில் ஊற்றினால் இரவு ஈரத்தோடு அந்த நீரும் சேர்ந்து பூசணத்தை வளர்ப்பது தடுக்கப்படும்.

முதல் பூங்கொத்து விரிந்த நாள், மூடுபனி கவிந்த காலைகள், பூவின்மேல் மழை பெய்த நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்துவைப்பது மற்றொரு பயனுள்ள வேலை. கியோட்டோ நகரில் செர்ரி மலரும் நாள் 9ஆம் நூற்றாண்டு முதல் பதிவாகியிருப்பதால்தான், 2021 மார்ச் 26இல் நிகழ்ந்த முழுமலர்ச்சி அதுவரையிலான அந்த நெடிய வரிசையிலேயே மிக முந்தியது என்று சொல்ல முடிந்தது. இந்தியாவில் மா, பலா, வேம்பு, சரக்கொன்றை முதலிய மரங்களின் தளிர், பூ, காய் நிலைகளைப் பொதுமக்களும் பள்ளி மாணவர்களும் பதிவுசெய்யும் சீசன்வாட்ச் என்னும் திட்டம் நடந்துவருகிறது. இரு பருவமழைகளுக்கும் நடுவில் நிற்கும் தென்காசியின் மரங்கள் அத்தகைய பதிவுகளில் இடம்பெற வேண்டியவை.

முதல் கொத்து கருகிய ஆண்டிலும் மாமரம் முழுவதுமாகத் தோற்பதில்லை. ஒரு கொத்தின் பூக்கள் ஒரே நாளில் விரியாமல் இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக விரிகின்றன. ஒரே மரத்தின் கிளைகளும் ஒன்றாகப் பூக்காமல் முன்னும் பின்னுமாகக் கொத்து விடுகின்றன. நுனிக்கொத்து இளமையிலேயே அழிந்து, இரவுக் குளிர்ச்சி இன்னும் நீடிக்குமானால், அதற்குக் கீழேயுள்ள இலைக்கக்கத்து மொட்டுகள் விழித்துப் புதிய கொத்துகளை விடவும் கூடும். வரப்போகும் வானிலையை முன்னறிய இயலாத ஒரு மரம், தன் பூக்களைக் காலத்தில் பரப்பிவைத்தே அந்த இடர்ப்பாட்டைச் சமாளிக்கிறது. எனவே முந்திப் பூத்ததைக் கண்டு மகிழ்வதும், கருகியதைக் கண்டவுடன் மருந்தைக் கொட்டாமல் அடுத்த கொத்துக்காகப் பொறுத்திருப்பதும் மாமரத்தின் இயல்பை அறிந்தவர் செய்யத்தக்க செயல்களாகும்.